பிளானை மாற்றினால் படம் ஓடுமா?

கம்ப்யூட்டரில் சேமித்த படம் வைஃபை வழியாக டிவியில் திக்கித் திணறினால், இன்டர்நெட் வேகம் போதவில்லை, பெரிய பிளானுக்கு மாறு என்கிறார்கள். அபத்தம்.

1. படம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ரவுட்டர் வழியாக டிவிக்குப் போகிறது. வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. பிளானுக்கு இதில் என்ன வேலை?

2. கம்ப்யூட்டர், டிவி இரண்டும் ஒரே வைஃபை சேனலில் என்றால், ஒவ்வொரு துணுக்கும் காற்றில் இருமுறை பயணிக்கிறது. வேகம் ஏறக்குறையப் பாதி. கம்ப்யூட்டரைக் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். ஒரு பயணம் மிச்சம்.

3. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடியே அதில் முட்டிக்கொள்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்த்தீர்களா?

4. சப்டைட்டில் போட்டதும் திணறுகிறதா? சில வகை சப்டைட்டிலைப் பதிக்க, கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அனுப்பும் சர்வர் மென்பொருள் வீடியோவையே மறுபடி என்கோட் செய்கிறது. மூச்சு வாங்குவது பிராசஸர்.

இதில் எதைத்தான் கூடுதல் மாதக் கட்டணம் சரிசெய்யும்?