பார்க்கும் பிள்ளையை எழுதும் பிள்ளையாக்குவோம்



16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப் போவதாக மலேசிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டமும் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. "இனிக் கவலையில்லை, டீச்சர்" என்று என்னிடம் சொன்ன பெற்றோர் உண்டு. இம்முயற்சியை நானும் வரவேற்கிறேன். ஆனால், கவலை தீர்ந்துவிட்டதா?

தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காரணம் எளியது. சட்டம் கணக்கைப் பார்க்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கோ சொந்தக் கணக்கே தேவையில்லை. அம்மாவின் கைத்தொலைபேசி போதும்! இரவுச் சமையல் முடிவதற்குள் அதில் எத்தனையோ காணொலிகள் ஓடி முடிகின்றன. ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானே வருகிறது. பிள்ளை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பு எதை விரும்பிப் பார்த்தது என்பதைக் கணித்துச் செயலியே ஊட்டிவிடுகிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்களையே இக்கருவியின் வழியாகத்தான் அனுப்பினோம். "கைத்தொலைபேசியைத் தொடாதே" என்று சொல்லிவந்த நாமே "அதைத் திற" என்றோம். பின்னர் பள்ளிகள் திறந்தன. கருவியோ பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. அதைப் பிடுங்குவது ஒன்றே தீர்வு என்போரிடம் நான் மாறுபடுகிறேன். பிடுங்கினால் அன்றைய ஒரு மணி நேரம் மிஞ்சும், பழக்கம் மாறாது.

என் வகுப்பில் நான் காண்பது இதுதான். காணொலியில் கண்டதை மாணவர்கள் தமிழில் நன்றாகவே சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுகிறார்கள். புலனத்தில் "வணக்கம்" என்னும் சொல்லைக்கூட உரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லலாமா? நம் வகுப்புக் குழுக்களைத் திறந்து பாருங்கள். பெற்றோரும் ஆசிரியரும் எந்த எழுத்தில் எழுதுகிறோம்? தமிழ் எழுத்து பயிற்சி நூலுக்கு மட்டுமே உரியது என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட மாட்டார்களா?

இத்தனைக்கும், கணினியிலும் இணையத்திலும் தமிழ் எழுத வழிகண்டவர்களுள் முன்னோடிகள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்களே. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 2005இல் அவருடைய செல்லினம், கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், ஒரு கணினியில் தட்டிய தமிழ் மற்றொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். ஒருங்குறி அக்குறையை நீக்கிவிட்டது. இன்று திறன்பேசியில் தமிழ் விசைப்பலகை இலவசமாகவே கிடைக்கிறது. பயன்படுத்தத்தான் ஆளில்லை!

எனவே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, கைத்தொலைபேசியைக் கொடுக்குமுன் யூடியூப்பில் காணொலிகள் தாமே தொடரும் வசதியை நிறுத்திவிடுங்கள். "இன்று எதைப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டுக் கொடுங்கள்.

இரண்டு, பார்த்து முடித்ததும் அதைப் பற்றி ஐந்து வரிகள் தமிழில் தட்டி, தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மாமாவுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். படிக்க ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே பிள்ளையை எழுத வைக்கும்.

மூன்று, ஆசிரியர்களாகிய நாம் வகுப்புக் குழுவில் அனுப்பும் செய்திகளைத் தமிழ் எழுத்திலேயே அனுப்புவோம். வீட்டுப்பாட அறிவிப்பும் அதில் அடங்கும்.

இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வருவோரின் களைப்பை நான் அறிவேன். ஆயினும், பிள்ளை எழுதிய ஐந்து வரிகளைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில், பிள்ளை என்ன பார்த்தது, அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதும் தெரிந்துவிடும். எந்தச் சட்டமும் நமக்கு இதைச் சொல்லித் தராது.

சிந்திப்போம்; இன்றிரவே தொடங்குவோம்.