முகத்துக்கு விலையில்லை, உழைப்புக்கு உண்டு



ஃபிரிஸ்கோ நகரிலிருந்து இப்பகுதிக்கு இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. எழுதிய இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் ஒருவர் கேட்ட கேள்வியின் மறுபாதியையே மற்றவர் கேட்டிருக்கிறார்.

முதற் கடிதத்தை எழுதியவர் ஓர் இளந்தாய். பழுதடைந்த பழைய படங்களைக் கணினியின் துணையுடன் சீர்செய்து கொடுக்கும் வேலையைப் பிள்ளைகள் உறங்கிய பின்னர் வீட்டிலிருந்தே செய்கிறார். "எங்கட ஆக்கள்தானே என்று கொண்டு வருகிறார்கள், விலை சொல்ல வாய் வருகுதில்லை. சொன்னாலும், கொம்பியூட்டர்தானே செய்யுது என்கிறார்கள்" என்பது அவருடைய குறை.

இரண்டாவது கடிதம் ஒரு முதியவருடையது. காலஞ்சென்ற தமையனாரின் ஒரேயொரு படத்தைத் திருத்த ஓரிடத்தில் 150 டொலர் கேட்டிருக்கிறார்கள். மலைத்துப்போனவர், 10 டொலருக்குச் செய்து தருவதாகச் சொன்ன வேறோரிடத்தில் அதனைக் கொடுத்திருக்கிறார். படம் பளபளப்பாகத் திரும்பி வந்தது. "ஆனால் அது என்ர அண்ணன் இல்லை. நாடியில் இருந்த மச்சத்தையும் காணோம்" என்று முடிக்கிறார்.

பிறருக்குப் படம் ஒரு பொழுதுபோக்கு. நமக்கு அஃது ஒரு சாட்சி. 1983 யூலையில் வீடுகளோடு எரிந்த அல்பங்கள் எத்தனை! 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்கள் எடுத்துச் சென்றவை எத்தனை, விட்டுச் சென்றவை எத்தனை! 2004 டிசம்பரில் கடல் கொண்டவை போக எஞ்சியவற்றுள் பல, 2009இல் வன்னியின் பதுங்குகுழிகளிலேயே தங்கிவிட்டன. இவற்றையெல்லாம் கடந்து வந்தது பெரும்பாலும் ஒரு கடவுச்சீட்டுப் படமாகவோ, அடையாள அட்டையின் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டிப்போன முகமாகவோ, நான்காக மடித்த திருமணப் படமாகவோ இருக்கும். இப்படியான படத்தைக் கையில் வைத்திருப்பவர் பேரம் பேசும் நிலையில் இல்லை. ஆகவேதான் இவ்விடயத்தில் நீதியான விலை என்பது மிகவும் வேண்டப்படுகிறது.

முதலில் வேலை இன்னதென்று அறிவோம். இரண்டு அங்குல உயரமுள்ள படத்தை எட்டு அங்குல உயரத்துக்குப் பெருப்பித்துத் தெளிவாக அச்சிட வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2,400 புள்ளிகள் வேண்டும். எனவே மூலப்படத்தை அங்குலத்துக்கு 1,200 புள்ளி வீதம் ஸ்கான் செய்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தைக்கொண்டு இதனைச் செவ்வனே செய்ய இயலாது. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிடுங்கினால் முகம் கண்ணாடியிலே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்தல் வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த வர்ணப் படங்கள் சிவந்துபோயிருப்பதற்குக் காரணம், அவற்றிலுள்ள நீலச்சாயம் முந்தி மங்கிவிடுவதே. இதனைச் சமன்செய்வது எளிது. முகத்தின் குறுக்கே சென்ற மடிப்பைத் திருத்துவதோ மணிக்கணக்கான வேலை.

ஆகவே விலையைத் தீர்மானிக்க வேண்டியது படத்தின் பழுதும் அதற்குச் செல்லும் நேரமுமேயன்றிக் கொண்டு வருபவரின் கண்ணீரன்று. ஒரு மணித்தியாலத்துக்கு 25 டொலர் என்று வைத்துக்கொள்வோம். இது சந்தை விலையன்று. கணக்குக் காட்டும் எடுத்துக்காட்டு மாத்திரமே. தூசு, கீறல், நிறமங்கல் ஆகியவற்றுக்கு ஒரு மணித்தியாலம்: 25 டொலர். உடையிலும் பின்புலத்திலும் மடிப்பும் கறையும் இருந்தால் மூன்று மணித்தியாலம்: 75 டொலர். முகமே கிழிந்திருந்தால் ஆறு மணித்தியாலம்: 150 டொலர். முதியவரிடம் 150 டொலர் கேட்டவர் அநியாயக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்த பிழை, கணக்கை விளக்காமல் தொகையை மாத்திரம் சொன்னதே.

இருபத்தைந்து டொலர் அதிகம் என்போர் சிறிது சிந்திக்கவும். டெக்சாசில் சட்டப்படியான ஆகக்குறைந்த கூலியே மணிக்கு 7.25 டொலர், 2009 முதல் அது மாறவில்லை. எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கும் பொருந்தும் அடிமட்டம் அது. சுயதொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்குமான வரியாக 15.3 வீதத்தைத் தாமே செலுத்த வேண்டும். கணினி, ஸ்கானர், மை, கடதாசி யாவும் அவருடைய செலவு. நம் சகோதரியும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். படம் அச்சிட்டு விற்பவர் மாநிலக் கொம்ப்ரோலர் அலுவலகத்தில் விற்பனைவரி அனுமதி பெறல் வேண்டும்; அனுமதிக்குக் கட்டணமில்லை. ஃபிரிஸ்கோவில் விற்பனைவரி 8.25 வீதம் என்பதால், சொல்லும் விலை வரியோடா வரியின்றியா என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.

இனி, அந்தப் பத்து டொலர்ப் படத்துக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு என்னும் இன்றைய பொறி கீறலையும் தூசையும் நொடியில் அகற்றுகிறது. அந்த அளவில் அது நல்ல உதவியாள். அதனாற் குறையும் நேரத்துக்கேற்ப விலையும் குறைதல் வேண்டும். ஆனால் மங்கிய முகத்தை அது மீட்பதில்லை. தான் முன்பு கண்ட ஆயிரமாயிரம் முகங்களைக்கொண்டு ஒரு புதிய முகத்தை ஊகித்து வரைகிறது. மச்சத்தைக் கறையென்று எண்ணித் துடைத்துவிடுகிறது. தொழிலறிந்தவர் அதே ஆளின் வேறு படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார், உறவினரிடம் விசாரிப்பார், எதுவுமே கிடைக்காவிடத்து, இல்லாததை இல்லையென்று விட்டுவிடுவார். அந்த நேர்மைக்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம்.

இதிலே அழகை மாத்திரம் பற்றிய கேள்வியில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் ஏந்தி நின்றவை காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களே. குடிவரவு வழக்குகளிலும் நம்மவர் படங்களைச் சான்றாகக் கொடுக்கிறார்கள். திருத்திய படத்தை மூலப்படமென்று கொடுத்தால், உண்மையான வழக்கும் ஐயத்துக்குள்ளாகும். ஆகையால் எந்தத் திருத்தமும் செய்யாத ஸ்கான் பிரதியொன்றை முதலில் எடுத்துத் தனியே பேணுதல் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் ஏற்றுவதாயின் அதையும் வேறாகச் செய்து, வேறாகவே விலை குறிக்க வேண்டும். கூறைச்சேலையின் நிறத்தை அம்மாவிடம் கேட்டறியலாம். கணினியிடம் கேட்க வேண்டாம்.

வேலை செய்பவர் கைக்கொள்ள வேண்டியவை சில. படத்தைப் பார்த்த பின்னரே விலை சொல்லுங்கள். அதனை எழுத்தில் கொடுங்கள். மேலதிக நேரம் வேண்டின் கேட்காமல் விலையை ஏற்றாதீர்கள். பாதியை முற்பணமாகப் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். இரண்டு முறை திருத்தம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதற்குக் கட்டணம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மூலப்படத்தை உரியவரின் முன்னிலையிலேயே ஸ்கான் செய்து அன்றே திருப்பிக் கொடுங்கள். விளம்பரத்துக்காக எவருடைய படத்தையும் அனுமதியின்றிக் காட்டாதீர்கள். இலவசமென்று அழைக்கும் இணையத்தளங்களில் ஏற்றவும் வேண்டாம். ஊரில் இன்னும் உறவுகள் வாழ்கிறார்கள். யாருடைய முகம் யாருக்கு ஆபத்தாகும் என்பதை நாம் அறியோம்.

கொடுப்பவர் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை மணித்தியால வேலை? முகத்தைக் கையால் திருத்துவீர்களா, பொறியிடம் விடுவீர்களா? முழு அளவிலான கோப்பும் எனக்குக் கிடைக்குமா? இம்மூன்றுக்கும் நேராக மறுமொழி சொல்லாதவரிடம் படத்தைக் கொடுக்காதீர்கள்.

"நம்மவருக்கு இலவசமாகச் செய்தாலென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். 2005இல் கத்ரினா சூறாவளி வீசிய பின், 2006இல் இந்நாட்டுப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் இருவர் தொடங்கிய 'ஒப்பரேசன் போட்டோ ரெஸ்கியூ' என்னும் அமைப்பு, பேரிடரில் பழுதடைந்த குடும்பப் படங்களை இலவசமாகவே சீர்செய்தது. அங்கே தொண்டர்கள் பலர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எவரும் அவர்களை நெருக்கவில்லை. தானம் என்பது கொடுப்பவரின் விருப்பம், பெறுபவரின் உரிமையன்று. சகோதரி விரும்பினால் மாதத்துக்கு ஒரு படத்தை, வசதியற்ற ஒரு குடும்பத்துக்காக ஒதுக்கலாம். மற்றவற்றுக்கு விலையைத் தயங்காமல் சொல்லலாம்.

மற்றுமொன்று. இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஒரு மரணத்தின் பின்னரே தேடப்படுகின்றன. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட முப்பத்தொரு நாளே உண்டு. அந்த அவசரத்தில் விலையும் பிழைக்கிறது, முகமும் பிழைக்கிறது. துக்க வீட்டாரிடம் அவசரக் கட்டணம் அறவிடாதிருப்பது தொழிலுக்கு அழகு. அந்த அவசரத்தை வரவிடாதிருப்பது குடும்பத்தின் பொறுப்பு. பெட்டியிலுள்ள படங்களை இந்த வார இறுதியில் வெளியே எடுங்கள். பெரியவர்களைக் கேட்டு, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று படத்தின் பின்புறத்தில் மென்பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பத்துப் படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் விலையும் குறைத்துக் கேட்கலாம்.

முதியவருக்கு ஒரு சொல். உங்கள் தமையனாரின் மூலப்படம் கையில் இருக்கும்வரை எதுவும் கெட்டுவிடவில்லை. அதனை நல்ல முறையில் ஸ்கான் செய்வித்து, மச்சம் எங்கே இருந்ததென்று எழுதிக் கொடுத்து, மீண்டும் ஒருமுறை செய்வியுங்கள். இம்முறை வேலை தொடங்குமுன் மணித்தியாலக் கணக்கைக் கேளுங்கள்.