ராஜா, ஜிக்கி, ‘அவன்’



பாடகர் ஏ.எம்.ராஜா என்றதும் நம் பெரியவர்களுக்குக் ‘கல்யாண பரிசு’ நினைவுக்கு வரும், ‘தேன் நிலவு’ வரும், ‘மிஸ்ஸியம்மா’ வரும். ‘அவன்’ படத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. நாமாக எடுத்துச் சொன்னாலும், “அது டப்பிங் படமாச்சே!” என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒதுக்கல் எனக்கு வெகுநாளாக மனத்தாங்கல். ஆகவே, இந்த முறை ஆசிரியர் பக்கம் முழுக்க ‘அவன்’ பாடல்களுக்குத்தான்.

ராஜ் கபூரும் நர்கீஸும் நடித்து 1953இல் இந்தியில் வந்த படம் ‘ஆஹ்’. இசை சங்கர்-ஜெய்கிஷன், பாடியவர்களில் முதன்மையானவர்கள் முகேஷும் லதா மங்கேஷ்கரும். அந்தப் படமே தமிழில் ‘அவன்’ ஆயிற்று, தெலுங்கில் ‘பிரேமலேகலு’. மெட்டும் வாத்திய அமைப்பும் பம்பாயில் போட்டவை. தமிழ் வரிகளைக் கவிஞர் கம்பதாசன் எழுதினார். முகேஷ் நின்ற இடத்தில் ராஜா நின்றார். லதாவின் இடத்தில் ஜிக்கி. வாழ்க்கையிலும் இவர்கள் கணவன் மனைவி.

மேடையில் அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடும்போது பாடகருக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. இழுக்கலாம், குறைக்கலாம், சுருதியைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். டப்பிங் பாட்டில் அதெல்லாம் நடக்காது. திரையில் நர்கீஸின் உதடு ‘ம’வுக்கோ ‘ப’வுக்கோ மூடினால், தமிழிலும் அந்த இடத்தில் உதடு மூடும் எழுத்து விழ வேண்டும். அவர் மூச்சு வாங்கினால் பாடகியும் அங்கேதான் வாங்க வேண்டும். எழுதுகிற கவிஞர் ஒரு பக்கம் மெட்டுக்கும் மறுபக்கம் உதட்டுக்கும் கட்டுப்பட்டவர். இத்தனை கட்டுகளுக்குள் நின்று, கேட்பவருக்குக் கட்டு எதுவும் தெரியாதபடி பாடியிருக்கிறார்கள் என்பதுதான் என் வியப்பு. ‘கல்யாண ஊர்வலம் வரும்’ பாட்டைக் கேளுங்கள். இந்தி மூலத்தை அறியாதவர் அது தமிழிலேயே பிறந்த பாட்டு என்று சத்தியம் செய்வார்.

‘அவன்’ பாடல்கள் இப்படி அமைந்ததற்குக் காரணம் ராஜா, ஜிக்கி என்ற இரு குரல்கள். ராஜா உரக்கப் பாடியவர் அல்லர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டுவதற்காகப் பழகிய கணீர்க் குரல்கள் ஆண்டுவந்த காலத்தில், மைக்கை நம்பி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினார். சங்கதிகளை அள்ளி வீசமாட்டார். மெல்லிசை என்ற சொல்லுக்கு இலக்கணம் கேட்டால் அவர் குரலைத்தான் காட்டுவேன். ஜிக்கியின் குரலில் ஒரு சிறுமியின் துறுதுறுப்பு கடைசிவரை இருந்தது. பி.ஜி.கிருஷ்ணவேணி என்ற இயற்பெயரோடு சிறு வயதிலேயே திரைக்கு வந்தவர் அவர். லதாவின் உச்சத்தைத் தொடும்போதும் லதாவாகிவிடாமல் ஜிக்கியாகவே இருக்கிறார். ராஜா நிதானம், ஜிக்கி துள்ளல். இருவரும் சேரும் இடங்களில் ஒருவரை ஒருவர் முந்துவதே இல்லை. இது பயிற்சியால் மட்டும் வருவதா, அன்பாலும் வருவதா என்று நான் யோசித்ததுண்டு.

பின்பு 1959இல் ‘கல்யாண பரிசு’க்கு ராஜாவே இசையமைத்தார். ‘துள்ளாத மனமும் துள்ளும்’ பாடலை மனைவியைப் பாட வைத்தார். அந்தக் குரலுக்கு எது பொருந்தும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்! திரை வாய்ப்புகள் அருகிய காலத்தில் இருவரும் மேடை மேடையாகப் பாடினார்கள். 1989 ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சிக்காகக் குழுவோடு போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் ராஜா காலமானார். ஜிக்கி 2004இல் மறைந்தார்.

மலாய்ப் பாட்டில் பி.ராம்லி-சலோமா தம்பதியை நம் மலேசியா எப்படிப் போற்றுகிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நம் ராஜாவும் ஜிக்கியும் அதே அன்புக்கு உரியவர்கள். அதிலும் ‘அவன்’ பாடல்கள், மொழிமாற்றம் என்ற முத்திரையால் மட்டுமே பின்வரிசைக்குப் போனவை. முத்திரையை எடுத்துவிட்டுக் கேட்டால், 1950களின் சிறந்த தமிழ் மெல்லிசையில் அவற்றுக்கு முன்வரிசை தருவேன்.

‘அவன்’ வெளிவந்தது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளின் காலத்தில். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். ஒரு படத்தின் பாட்டுகளை வைத்திருக்கப் பல தட்டுகள் வேண்டும். கீழே விழுந்தால் உடைந்துபோகும் தட்டுகள் அவை. ரவாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று நம் பக்கத்துப் பழைய வீடுகளில், தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தபோது பெட்டியோடு வந்த தட்டுகள் இன்னும் இருக்கலாம். தாத்தாவின் சாமான்களை ஒழுங்குபடுத்தும்போது அவற்றைக் குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். உறையில்லாவிட்டால் துணியில் சுற்றி, படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். வானொலியில் நேயர் விருப்பம் கேட்கும்போது, வழக்கமான பாட்டுக்குப் பதிலாக ஒரு தடவை ‘அவன்’ படப் பாடலைக் கேளுங்கள். வீட்டில் எழுபதைத் தாண்டிய அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டோடு என்ன நினைவு வருகிறதோ, அதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் இடம் ஒதுக்கி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்