முன் ஸீட்டு வி.ஐ.பி.

நாடகம் பார்க்கப் போகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஸீட்டில் உட்கார்ந்ததும் மேடையைப் பார்க்காது. கழுத்தை எட்டி, முன் வரிசையில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும். பின்னந்தலையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும். 'அதோ, அந்த வழுக்கை அவர்தானே?' 'சேச்சே, அவர் இவ்வளவு குட்டை இல்லை ஸார்' என்று பக்கத்து ஸீட்டுக்காரரோடு சர்ச்சை செய்யும். நான் அந்த ரகம். இதனால் ஒரு பாவம் செய்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

1997. எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு நண்பன். அவனை எல்லோரும் 'டெஸ்பாட்ச்' என்றே கூப்பிடுவோம். சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரிகர்சலுக்கு ஓடுகிற ஆசாமி. இரண்டு வருஷமாக ஒரு அமெச்சூர் ட்ரூப்பில் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அந்த வருஷம் ஒரு வேஷம் கொடுத்தார்கள். மணியார்டர் கொண்டுவரும் போஸ்ட்மேன். டெஸ்பாட்ச் கிளார்க்குக்குப் போஸ்ட்மேன் வேஷம், பிரமோஷனா டிமோஷனா என்று செக்‌ஷனில் பட்டிமன்றமே நடந்தது.

தி.நகர் வாணி மகாலில் நாடகம். இரண்டு பாஸை என் மேஜையில் வைத்தான்.

"டேய், மூணே மூணு டயலாக். கண்ணைச் சிமிட்டினே, போச்சு."

"சிமிட்ட மாட்டேன்டா."

"நாகேஷுக்கும் ஆரம்பத்துல சின்ன வேஷம்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

உண்மைதான். நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்த நாட்களில் ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிஷம் வந்தார். அன்றைக்குத் தலைமை தாங்க வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எம்.ஜி.ஆர். கடைசியில் மேடை ஏறி, மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு அந்த வயிற்றுவலிக்காரரைத்தான் பாராட்டினார். நாகேஷே சொன்ன கதை இது. அதற்கும் முன்னால் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் வீர சிவாஜியாக வந்த வி.சி.கணேசனைப் பார்த்துவிட்டு, பெரியார் 'சிவாஜி' கணேசன் என்று பெயரிட்டார். பெற்றோர் வைத்த பெயர் ஒதுங்கிக்கொண்டது, நாடகம் பார்த்தவர் வைத்த பெயர் நின்றது. ஏ.ஜி. ஆபீஸ் பாலசந்தர், ஆல் இந்தியா ரேடியோ பூர்ணம் விஸ்வநாதன் என்று ஆபீஸ் வேலையோடு மேடை ஏறியவர்களின் பட்டியலை டெஸ்பாட்ச் மனப்பாடமாக வைத்திருப்பான். எம்.ஜி.ஆர். ரகத்தில் ஒருத்தர் என்றைக்காவது முன் ஸீட்டில் வந்து உட்காருவார் என்பது அவன் நம்பிக்கை. முக்கால்வாசி அமெச்சூர்களின் நம்பிக்கையும் அதுதான்.

வந்து உட்கார்ந்தார் ஸார், அன்றைக்கே!

நாடகம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். டார்ச் அடித்துக்கொண்டு சபாக்காரர் ஒருவர் முன்னால் வர, பின்னால் வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒரு காலத்தில் திரையில் தலையைக் காட்டினாலே தியேட்டர் சிரித்த நடிகர். பெயர் வேண்டாம். சொன்னால் நீங்களும் அவரையே பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள், டெஸ்பாட்சைக் கவனிக்க மாட்டீர்கள். எனக்கு நேர்ந்ததே அதுதான்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால், கொஞ்சம் வலப்பக்கம். ஹால் முழுக்க ஒரு 'ஸ்ஸ்ஸ்...' ஓடியது. மேடையில் மகனைத் திட்டிக்கொண்டிருந்த அப்பா, மகனை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். முகத்தில் லைட் அடிக்கும்போது மேடையிலிருந்து முன்னால் உள்ள நாலு வரிசைதான் தெரியும். அந்த நாலுக்குள் இவர் உட்கார்ந்துவிட்டால் நடிகர்கள் என்னதான் செய்வார்கள்?

1865 ஏப்ரல் 14-ம் தேதி வாஷிங்டனில் ஃபோர்ட்ஸ் தியேட்டருக்கு ஆபிரகாம் லிங்கன் லேட்டாகத்தான் போனார். நாடகத்தை நிறுத்திவிட்டு, ஜனாதிபதிக்கான மரியாதைப் பாட்டை வாசித்து, அப்புறம் தொடர்ந்தார்கள். ஜெனரல் கிராண்ட்டும் வருகிறார் என்று பத்திரிகையில் செய்தி வந்திருந்ததால் அவரைப் பார்க்கவும் கூட்டம். அவர் வரவேயில்லை. சுட்ட பூத் ஒரு நடிகன். எந்த வசனத்துக்கு ஜனங்கள் பலமாகச் சிரிப்பார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்து சுட்டான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அன்றைக்கு மேடையைப் பார்க்காமல் லிங்கன் இருந்த பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்த என் ரக ஆசாமி ஒருத்தனாவது இருந்திருப்பான். அவனுக்காவது அதனால் ஒரு சரித்திர சம்பவத்தைப் பார்த்த பெருமை.

எனக்குக் கிடைத்தது ஒரு பெப்பர்மின்ட்.

அவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். சத்தம் கேட்காமல் காகிதத்தைப் பிரிக்க வேண்டும். கட்டை விரலால் ஒரு முனையைத் திருகி, நிறுத்தி, மேடையில் யாராவது பலமாகப் பேசும்போது இன்னும் கொஞ்சம் திருகி... இதற்குள் கண் மேடையை விட்டு ஒரு தடவைகூட நகரவில்லை. ஒன்றரை நிமிஷம் இருக்கும். நான் முழுசாகப் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் நடித்துக் காட்டுவேன்.

பெப்பர்மின்ட் வாய்க்குள் போனதும் என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

"பரவாயில்லையே, உங்க ஃப்ரெண்ட் நல்லாப் பண்ணினாரே!"

"எப்போ?"

"இப்பத்தான். வந்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், போயிட்டார்."

நான் முழித்த முழியைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இடைவேளைக்கு அப்புறம் இன்னொரு மணியார்டர் வராதா என்று கடைசிவரை காத்திருந்தேன். அப்போதெல்லாம் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வரவில்லை.

நாடகம் முடிந்ததும் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி 'நாலு வார்த்தை பேசணும்' என்று கூப்பிட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, பக்கத்து வாசல் வழியாக நழுவினார். நானும் நழுவினேன். காருக்காக நின்றுகொண்டிருந்தவரிடம் பாஸைத் திருப்பி நீட்டினேன்.

"ஸார், ஆட்டோகிராஃப்... என் ஃப்ரெண்ட்கூட இதுல நடிச்சிருக்கான் ஸார்."

"யாரு?"

"போஸ்ட்மேன் ஸார்."

பேனா நின்றது. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வீட்டுக்குள்ளே மொத்தம் பதினோரு பேர் வந்தாங்க, பார்த்தீங்களா? அத்தனை பேரும் ஷூவோட, செருப்போட நடுக் கூடம் வரைக்கும் வந்து நிக்கிறாங்க. செருப்பை வாசல்லே விட்டுட்டு வந்தது அந்தப் போஸ்ட்மேன் ஒருத்தர்தான். போறப்போ கீழே பார்க்காம, காலாலேயே துழாவி மாட்டிக்கிட்டுப் போனாரு. நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

பாஸின் பின்பக்கம் 'போஸ்ட்மேனுக்கு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கார் வந்தது, போய்விட்டார்.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். டெஸ்பாட்ச் காக்கி உடுப்போடு, பாதி மேக்கப் கலைந்து, கையில் காபியோடு நின்றிருந்தான். 'எப்படி இருந்தது' என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவன் கேட்டது வேறு.

"நீ பார்த்தியாடா?"

பார்த்தேன் என்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"பார்க்காமயா? பதினோரு பேர் வந்தாங்க. நீ ஒருத்தன்தானே செருப்பைக் கழட்டிட்டு வந்தே! போறப்போ காலாலேயே துழாவி..."

முடிக்கவில்லை. அப்படியே கட்டிக்கொண்டுவிட்டான். காக்கி முழுக்க வேர்வை. "டைரக்டர்கூடக் கவனிக்கலைடா! வீட்ல ஒரு மாசம் ப்ராக்டீஸ் பண்ணினேன்டா!" கண் ஓரத்தில் மை கரைந்திருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவரு வந்திருந்தாரே, என் ஸீன்ல அவர் மூஞ்சியைக் கவனிச்சியா? சிரிச்சாரா?" என்றான்.

"நான் உன்னையில்லடா பார்த்துட்டிருந்தேன்" என்றேன்.

என் மனைவி சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் அவள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பாஸை அவர்கிட்ட கொடுக்க வேண்டாமா?" திங்கட்கிழமை கொடுத்துவிடுகிறேன் என்றேன். திங்கட்கிழமை ஆபீஸில் நுழைந்தால் டெஸ்பாட்ச் செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய் நான் செருப்பைக் கவனித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். 'நண்பன்னா இவன்!' என்று தோளில் தட்டுகிறார்கள். எப்படிப் பாஸை எடுப்பது, சொல்லுங்கள்? அது மேஜை டிராயருக்குள் போனது. அப்புறம் வீட்டு பீரோவுக்கு.

அவன் மொத்தம் ஏழு நாடகம் நடித்தான். இரண்டு போஸ்ட்மேன், மூன்று கான்ஸ்டபிள், ஒரு காஸ் சிலிண்டர்காரர், ஒரு பிணம். 2000-ல் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. கொஞ்சம் முயற்சி செய்தால் ரத்து செய்திருக்கலாம், ட்ரூப்பிலும் இருக்கச் சொன்னார்கள். "விடுடா, இத்தனை வருஷத்துல நான் நடிச்சதைக் கவனிச்சவன் நீ ஒருத்தன்தான். அதுக்காக மெட்ராஸ்ல வாடகை கொடுத்துட்டு இருக்க முடியுமா?" என்று சிரித்தபடி ரயில் ஏறினான். எழும்பூர் ஸ்டேஷனில் கையாட்டிவிட்டு நின்றேன். பாஸ் பீரோவில் இருந்தது.

அந்த நடிகரும் போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தியைப் பார்த்துவிட்டு டெஸ்பாட்ச் போன் பண்ணினான். "அன்னிக்கு வாணி மகாலுக்கு வந்திருந்தாரேடா, ஞாபகம் இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன்.

போன வாரம் பீரோவை ஒழிக்கும்போது என் மனைவி பாஸைக் கண்டெடுத்து, ஒன்றும் பேசாமல் என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நடந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதி, பாஸையும் சேர்த்துத் திருநெல்வேலிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன்.

நேற்று செல்போனில் பார்த்தேன். டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டுகிறது. அவனிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.