தப்பு வைஃபை மேலயா, லைன் மேலயா?

ஆன்லைன் இன்டர்வியூல பாதிக் கேள்வியில வீடியோ உறைஞ்சு நிக்குதா? உடனே நெட் கம்பெனியைத் திட்டிட்டு, ‘பெரிய பிளானுக்கு மாத்துங்கப்பா’ன்னு வீட்டில் காசு கேட்கக் கிளம்பிடாதீங்க. வியாதி என்னன்னு தெரியாமல் மாத்திரை வாங்கலாமா பாஸ்?

லேப்டாப்பில் இருந்து ரவுட்டர் வரைக்கும் வைஃபை. அதைத் தாண்டினால் லைன். இதில் எது மக்கர் பண்ணுதுன்னு சொல்ல ‘பிங்’ போதும். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-ல் எழுதிய குட்டி புரோகிராம் இது. ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் எத்தனை மில்லி செகண்டில் திரும்புதுன்னு பார்க்கும். அவ்வளவுதான்!

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடியுங்கள். ‘டிஃபால்ட் கேட்வே’க்கு நேராக இருப்பதுதான் ரவுட்டர் முகவரி. பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

இப்போ நோட்பேடில் மூணே வரி. முதல் வரியில் ‘எக்கோ’. பக்கத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு ‘டைம்’. ரெண்டாவதில் பிங், ஹைஃபன் என், 50, ரவுட்டர் முகவரி. மூணாவதில் அதே பிங், முகவரி மட்டும் 8.8.8.8. இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். ஒவ்வொரு வரி முடிவிலும் ரெண்டு ‘கிரேட்டர் தேன்’ குறி போட்டு, ஒரே டெக்ஸ்ட் ஃபைலின் பெயரைக் கொடுங்கள். குறி ஒண்ணே ஒண்ணுன்னா பழைய பதிவு அழிஞ்சிடும், ஜாக்கிரதை!

‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்து, ‘டாட் பேட்’ என்று முடியும் பெயரில் சேமியுங்கள். ‘பிங்’ என்றே பெயர் வைத்தால் போச்சு. ஸ்கிரிப்ட் தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு சுத்திக்கிட்டே இருக்கும். லினக்ஸ், மேக் ஆசாமிகள் ‘என்’னுக்குப் பதில் ‘சி’ போடணும்.

வீட்டில் யாரும் டவுன்லோட் போடாத நேரமாப் பார்த்து, ஒரு நாளில் நாலைந்து தடவை ஓட விடுங்கள். ரவுட்டரிடம் இருந்தே பதில் தவறுதா, நூறு மில்லி செகண்டைத் தாண்டிக் குதிக்குதா? வைஃபைதான் குற்றவாளி. ரவுட்டர் பதில் ஜோரா இருந்து, 8.8.8.8 மட்டும் சொதப்பினால் லைனைச் சந்தேகப்படுங்க.

வைஃபை கோளாறுக்குக் காசு தேவையில்லை. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளிச்சு வைக்காதீங்க. உயரமா, திறந்த இடத்தில் வையுங்க. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் ஒன்றோடொன்று மோதாது. அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைந்ததைப் பிடிங்க. மைக்ரோவேவ் அவனும் இதே அலைவரிசைதான்! ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பெஸ்ட். சுவர் தாண்டினால் அது தளர்ந்துடும். இன்டர்வியூ அன்னிக்கு மட்டும் லேன் கேபிளைச் செருகிடுங்க.

லைன்தான் கோளாறா? நேரத்தோடு பதிவான அந்த ஃபைலை, வருகிற டெக்னீஷியனிடம் நீட்டுங்க. ‘இங்கே எல்லாம் சரியாத்தான் இருக்கே’ன்னு அவர் சுலபமா நழுவ முடியாது!