தேவைக்கு வாகனமா, தெருவுக்கு வாகனமா?



கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்துக் கரையில் ஒரு மாலைப் பொழுது நின்றிருந்தேன். வடக்கே காமராசர் துறைமுகம். நம் மாநிலத்தில் உருவாகும் கார்கள் அங்கிருந்து அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. இதே எண்ணூரில்தான் 1949-இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. அந்நாளில் கார் செல்வந்தர் வீட்டுப் பொருள். இன்றோ நடுத்தர இல்லங்களின் கனவு.

உடன் வந்த நண்பர் மெல்லப் பேச்செடுத்தார். "ஹஜ்ரத், புதுக் கார் வாங்கலாமென்று இருக்கிறேன். மேற்கூரை திறக்கும் மாதிரிதான் வேண்டுமென்கிறான் பையன்."

"எதற்காகக் கார்?" என்றேன்.

"உம்மாவை மாதம் நான்கு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்" என்றவர், சற்றுத் தயங்கி, "சம்பந்தி வீட்டாரும் வாங்கிவிட்டார்கள்" என்றார்.

முதலாவது தேவை, இரண்டாவது தெருவுக்கானது. இரண்டையும் ஒரே விலைச்சீட்டில் எழுதிவிடுகிறோம் என்பதே நம் துயரம்.

வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கணக்கும் அதையேதான் எச்சரிக்கிறது. 5 லட்ச ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் 7 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால், மாதம் 8,000 ரூபாய்க்குச் சற்று அதிகமாகக் கட்டவேண்டும். முடிவில் வட்டி மட்டுமே ஏறத்தாழ 1,76,000 ரூபாய். காப்பீடும் பெட்ரோலும் பராமரிப்பும் தனி.

மாறாக, மாதம் நான்கு பயணத்துக்கு வாடகைக் கார் அமர்த்தினால், ஒரு பயணத்துக்கு 800 ரூபாய் என்றாலும் 3,200 ரூபாய்தான். அந்த 8,000-இல் மிஞ்சும் 4,800-ஐ ஒதுக்கி வைத்தால் மூன்றாண்டில் 1,72,800 ரூபாய் சேரும். கடனில்லாமல் கார் வாங்க அது நல்ல தொடக்கம். நாள்தோறும் தேவைப்படுவோர்க்குச் சொந்த வாகனம் நியாயமே. அவர்களுக்கு ஓர் ஆறுதல்: 22 செப்டம்பர் 2025 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 29-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது.

எளிய கார் வாங்கினால் மதிப்புக் குறையுமோ என்று அஞ்சுவோர் நானோ காரின் கதையை நினைத்துப் பார்க்கவேண்டும். மழையில் ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பங்களை எண்ணி, 1 லட்ச ரூபாய்க் கார் என 2008-இல் அதை அறிவித்தார் ரத்தன் டாட்டா. 'மலிவுக் கார்' என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று. 2018-இல் உற்பத்தி நின்றது. ஆனால் 2014-இல் நடந்த மோதல் சோதனையில் அது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதை ஒதுக்குவதற்குத் தக்க காரணம் வெட்கமன்று, பாதுகாப்புக் குறைவே.

ஆகவே, ஆடம்பரத்தில் சிக்கனம் காட்டுங்கள்; உயிரில் காட்டாதீர்கள். திறக்கும் கூரை, பெரிய திரை, பளபளக்கும் சக்கரம் ஆகியவை இல்லாமலும் வண்டி ஓடும். காற்றுப்பையும் பூட்டாத பிரேக்கும் சீட் பெல்ட்டும் இன்றியமையாதவை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் நீங்கள் பார்க்கும் மாதிரி எத்தனை நட்சத்திரம் பெற்றது எனக் கேளுங்கள். முதியோர் முழங்கால் மடக்கி ஏறி இறங்க இயல்கிறதா என்று, அவர்களையே அமர்த்திப் பாருங்கள். நம்மைப் போன்ற கடலோரத்தார் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல நீரால் கழுவித் துருவையும் தடுக்கவேண்டும்.

"சம்பந்தி கேட்டால் என்ன சொல்வேன், ஹஜ்ரத்?" என்றார் நண்பர்.

"உம்மா வலியின்றி ஏறி இறங்குகிறார், யாருக்கும் கடனில்லை என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். மறுவாரம் உம்மாவையும் அழைத்துக்கொண்டே கடைக்குச் சென்றார்.