தோளுக்கு ஓர் அளவு, மார்புக்கு ஓர் அளவு

ஆர்டர் பேச வரும் பெண்கள் டிசைனைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கிறார்கள்: "லேடீஸ் சைஸ் இருக்காக்கா? பின்னாடி மறைக்குமா?" மதுரையில் சின்ன அளவில் டீ-சர்ட் அச்சடித்துக் கொடுக்கும் தொழில் என்னுடையது. காலை நடைப்பயிற்சிக் குழு, கல்லூரிப் பெண்கள், மகளிர் தினத்துக்கு மொத்தமாக எடுக்கும் அலுவலகங்கள் என்று என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அச்சை நான் பார்த்துக்கொள்வேன். பிளைன் சட்டைக்குத் திருப்பூரைத்தான் நம்பியிருக்கிறேன். உலகத்துக்கே பின்னலாடை தைத்து அனுப்பும் ஊரில், நம் ஊர்ப் பெண்ணுக்குப் பொருந்தும் பிளைன் டீ-சர்ட் ரெடி ஸ்டாக்கில் கிடைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கக் கூடாது.

திருப்பூர் காதர்பேட்டை மொத்தக் கடைகளில் கேட்டால் இரண்டு வகை எடுத்துப் போடுவார்கள். ஒன்று யூனிசெக்ஸ். பெயர்தான் பொது, வெட்டு ஆண்களுடையது. தோள் அகலம், கழுத்து இறுக்கம், இடுப்புக்குக் கீழே பிடிக்கும். மற்றது 'லேடீஸ் கட்'. இடுப்பை வளைத்து, கையைக் குட்டையாக்கி, நீளத்தை 24 அங்குலத்தில் நிறுத்தியிருப்பார்கள். ஆண்கள் சட்டைக்கு 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி போடும் இடத்தில் இதற்கு 150 போடுவதும் உண்டு. வெள்ளையில் எடுத்தால் உள்ளே சிம்மீஸ் இல்லாமல் உடுத்த முடியாது. லெகிங்ஸுக்கு மேலே போடுகிற பெண்ணுக்கு 27 அங்குல நீளம் வேண்டும். முழங்கைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும் கை வேண்டும். இதை ஒரு விசேஷக் கோரிக்கைபோல ஒவ்வொரு கடையிலும் விளக்க வேண்டியிருக்கிறது.

பெரிய சைஸ்களில்தான் கோளாறு முற்றுகிறது. ஒரு சைஸுக்குப் பேட்டர்ன் போட்டு, மற்ற சைஸ்களைக் கணக்கு வைத்து ஏற்றுவார்கள்: எம்மிலிருந்து எல்லுக்கு மார்புச் சுற்றில் 2 அங்குலம், எக்ஸ்எல்லுக்கு இன்னொரு 2 அங்குலம். கூடவே தோளும் கழுத்தும் விரிந்துகொண்டே போகும். பெண்ணின் உடம்பு அந்தக் கணக்கில் பெருப்பதில்லை. பிள்ளை பெற்ற பிறகு மார்பும் வயிறும் இடுப்பும் கூடுகின்றன. தோள் எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மார்புக்குப் பார்த்து டபுள் எக்ஸ்எல் எடுத்தால் தோள் தையல் கையில் தொங்குகிறது, குனிந்தால் கழுத்து விலகுகிறது. தோளுக்குப் பார்த்து எக்ஸ்எல் எடுத்தால் மார்பில் இழுக்கிறது. என் அச்சும் அதோடு கெடுகிறது. 12 அங்குல அகலத்துக்கு அடித்த எழுத்து அக்குள் பக்கம் மடங்கிப் போகிறது. லைக்ரா கலந்த துணியென்றால் விரிந்து வெடிக்கிறது.

"லேடீஸ் மூவ் ஆகாதுங்க மேடம், ஜென்ட்ஸ்னா கண்ண மூடிட்டு ஸ்டாக் வெக்கலாம்" என்கிறார்கள் வியாபாரிகள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சாயப்பட்டறையில் துணியை லாட் கணக்கில்தான் போட முடியும். ஒவ்வொரு கலருக்கும் பணம் முடங்கும். ஆனால் ஏன் மூவ் ஆகவில்லை என்பதை என் ஆர்டர் நோட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பொருந்தாத லேடீஸ் கட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்த பெண்கள், அடுத்த முறை ஆண்கள் சைஸிலேயே தொளதொளவென்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விற்பனையும் ஜென்ட்ஸ் கணக்கில் ஏறிவிடுகிறது.

அளந்து பார்க்காமல் இது தீராது. அமெரிக்க வேளாண் துறை 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடங்களில் அளந்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். அதை அடிப்படையாக வைத்து 1958இல் வந்த சைஸ் தரத்தை 1983இல் கைவிட்டும் விட்டார்கள். நம் நாட்டில் மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட்டும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை எடுத்தன. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டம் அது. அதன் பெண்கள் அட்டவணை பெரிய பிராண்டுகளோடு நின்றுவிடக் கூடாது. பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுப்பவர் கைக்கும் அது தமிழில், அங்குலக் கணக்கில் வந்து சேர வேண்டும்.

இப்போதைக்கு நான் லேபிளில் உள்ள எழுத்தை நம்புவதில்லை. சாம்பிளை மேஜையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோள், ஆர்ம்ஹோல், நீளம் எல்லாவற்றையும் டேப்பில் அளந்து எழுதுவேன். துவைத்துக் காயவைத்து மறுபடி அளப்பேன். காம்பேக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் வேலை) சரியாக ஆகாத துணி 5 சதவீதம் சுருங்கினாலே, 27 அங்குலத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருகிறதா என்பதும் துவைத்தால்தான் தெரியும். பிறகு வெவ்வேறு உடம்புவாகுள்ள பெண்களுக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கச் சொல்வேன். ஆர்ம்ஹோல் அதிகம் இறங்கியிருந்தால் கையோடு சட்டை முழுவதும் மேலே ஏறும். அந்தச் சாம்பிள் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

மதுரை, திருச்சி, சேலத்தில் என்னைப்போல் அச்சடிப்பவர்கள் சேர்ந்தால் ஒரு லாட் துணி பெரிய விஷயமில்லை. பேட்டர்ன் மாஸ்டர் கூலி ஒருமுறைச் செலவு. கறுப்பு, நேவி, மெரூன் மூன்று கலர் போதும். 180 ஜிஎஸ்எம், பயோவாஷ், 27 அங்குல நீளம், மார்பு தாராளமாகவும் தோள் கொஞ்சமாகவும் ஏறும் கிரேடிங், ட்ரிபிள் எக்ஸ்எல் வரை சைஸ். சட்டைக்கு இருபது ரூபாய் கூடினாலும் எடுப்பேன். வாடிக்கையாளர்களிடமும் கேட்டுவிட்டேன், சரி என்கிறார்கள். இதை ஸ்டாக்கில் வைக்கத் திருப்பூரில் ஒரு கம்பெனி முன்வந்தால், முதல் லாட்டின் முன்பணத்தில் என் பங்கை இப்போதே கட்டுகிறேன்.